ஸ்கேன் நார்மல், ஆள் நார்மல் இல்லை

லூபஸ் உள்ள ஒருவருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்து, 'குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை' என்று நான் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வகையான வீட்டார் வருவார்கள். ஒரு வகை, "அப்பாடா, மூளைக்கு ஒண்ணும் இல்ல, இவளாத்தான் மனசைப் போட்டுக் குழப்பிக்கிறா" என்று நிம்மதியாகிவிடும். இன்னொரு வகை, "ராத்திரியெல்லாம் யாரோ பேசுறது கேக்குதுங்கிறா, காலையில என்ன சாப்பிட்டான்னு ஞாபகம் இல்ல, அப்புறம் எப்படி சார் நார்மல்னு போடுறீங்க?" என்று சண்டைக்கே வரும். சண்டைக்கு வருகிறவர்கள் கேட்பது நியாயம். எனக்குப் பயம் அந்த முதல் வகையின் நிம்மதியைப் பார்த்துத்தான். நான் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட், மருந்து கொடுக்கிறவன் இல்லை. ஆனாலும் ரிசப்ஷனில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

லூபஸ் என்றால் கன்னத்தில் பட்டாம்பூச்சி மாதிரி சிவப்பு, மூட்டுவலி, முடி கொட்டுவது, சிறுநீரகம் கெடுவது, இவ்வளவுதான் பலருக்கும் தெரியும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய். வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலோர் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். மூளையையும் இது விட்டுவைக்காது என்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. வியன்னாவில் கபோசி என்ற தோல் மருத்துவர் 1872-லேயே, இந்த நோய் தோலோடு நிற்பதில்லை, பிதற்றலும் நினைவு தப்புவதும்கூட வரலாம் என்று எழுதிவிட்டார். 1999-ல் அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் அமைப்பு, லூபஸ் நோயாளிகளுக்கு நரம்பு மண்டலத்தில் வரக்கூடியவை என்று 19 வகைகளைப் பட்டியல் போட்டது. அதில் 12 மூளை, தண்டுவடம் சார்ந்தவை, மீதி 7 வெளி நரம்புகள் சார்ந்தவை. பட்டியலைப் படித்தால் மலைப்பாக இருக்கும். பக்கவாதமும் வலிப்பும் அதில் உண்டு, தலைவலியும் உண்டு, மனச்சோர்வு, பதற்றம், ஞாபக மறதி, காதில் குரல் கேட்கும் அளவுக்குப் போகும் மனநோய், கைகால் தானாக ஆடும் கொரியா, எல்லாம் உண்டு. இத்தனையையும் ஒரே பெயருக்குள் அடைத்துவிட்டு, எல்லாம் ஒரே ஸ்கேனில் தெரிய வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி?

சரி, எம்.ஆர்.ஐ.-யில் என்னதான் தெரிகிறது? நாங்கள் முதலில் பார்ப்பது ஃப்ளேர் என்ற வகைப் படத்தை. மூளையைச் சுற்றியும் உள்ளேயும் இருக்கும் நீரைக் கறுப்பாக்கிவிட்டு, திசுவுக்குள் பாதிப்பு உள்ள இடங்களை வெள்ளையாகக் காட்டும். லூபஸ் நோயாளிகளிடம் அதிகம் காண்பது சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள், பெரும்பாலும் நெற்றிப் பக்கத்திலும் உச்சிப் பக்கத்திலும் உள்ள வெண்பகுதியில். பார்த்ததும் 'ஆ, லூபஸ்' என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இதே புள்ளிகள் மைக்ரேன் தலைவலி உள்ளவர்களுக்கு இருக்கும், பிபி, சுகர் உள்ளவர்களுக்கு இருக்கும், புகை பிடிப்பவர்களுக்கு இருக்கும், அறுபது தாண்டிய எந்த நோயும் இல்லாத மனிதருக்கும் நாலு இருக்கும். மூளைத் தொந்தரவே இல்லாத லூபஸ் நோயாளிகளுக்கும் இருக்கும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அப்படி இருபது புள்ளி இருந்தால் வயசுக்கு இது அதிகம் என்று சொல்லலாம், அதற்கு மேல் புள்ளியிலிருந்து எதையும் பிழிந்தெடுக்க முடியாது.

அதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவ மையம் இந்த விஷயத்தில் பல வருடமாக ஆழமாக வேலை செய்யும் இடம். அவர்கள் 2011-ல் வெளியிட்ட ஒரு ஆய்வில், லூபஸ் மூளையைத் தாக்கியிருக்கிறது என்று தீர்மானிக்கப்பட்ட 74 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 42 சதவீதம் பேருக்குப் படத்தில் ஒன்றுமே இல்லை. நோய் ஓய்ந்தபின் எடுத்த படங்கள் இல்லை, நோய் தீவிரமாக இருக்கும்போதே எடுத்தவை. ஆக, நூறு பேருக்கு மூளையில் லூபஸ் இருந்தால் நாற்பது பேருக்கு என் ரிப்போர்ட் 'நார்மல்' என்றுதான் வரும். "இவளாத்தான் குழப்பிக்கிறா" என்று சொல்லும் வீட்டார் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டிய எண் இதுதான்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு செலவு செய்து, அந்தக் குழாய்க்குள் அரைமணி நேரம் சத்தத்தில் படுக்க வைத்து ஸ்கேன் எடுக்கிறோம்? என் அனுபவத்தில் வந்து சேர்ந்த பதில் இது: லூபஸைக் கண்டுபிடிக்க எடுப்பதில்லை, லூபஸ் இல்லாத வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் முக்கியமாக எடுக்கிறோம். லூபஸ்தான் என்றால், அது ரத்தக்குழாயை அடைத்ததா, அழற்சியா என்று பிரிக்கவும் எடுக்கிறோம். கனடாவின் ஹேன்லி என்ற மருத்துவரும் பல நாட்டு மையங்களும் சேர்ந்து, புதிதாக லூபஸ் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கு வந்த நரம்பு, மனத் தொந்தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் லூபஸே நேரடிக் காரணம் என்று சொல்ல முடிந்தது சுமார் மூன்றில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் வேறு காரணங்கள். ஸ்கேன் தன் காசுக்கு வேலை செய்வது அந்த மீதியில்தான்.

ஸ்கேன் உண்மையிலேயே கில்லாடியாக இருக்கும் இடம் ரத்தக்குழாய் அடைப்பு. டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில், சில நிமிடங்களுக்கோ சில மணி நேரத்துக்கோ முன்னால் செத்த மூளைப் பகுதி பளிச்சென்று எரியும். லூபஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆன்ட்டிபாஸ்ஃபோலிப்பிட் என்ற எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருக்கும், ரத்தத்தைத் தேவையில்லாத இடத்தில் உறையவைப்பது அவற்றின் குணம். 1983-ல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் என்ற மருத்துவர்தான் இதைத் தனி நோயாக விவரித்தார். முப்பது வயதுப் பெண்ணுக்குப் பக்கவாதம், கூடவே முன்பு இரண்டு மூன்று கருச்சிதைவு என்று கேட்டால் உடனே நினைவுக்கு வரவேண்டியது இது. இவர்களுக்கு முக்கியமாக வேண்டியது ரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து. மூளை அழற்சிக்கு வேண்டியது அதிக டோஸ் ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்ற மருந்துகளும். இரண்டும் வேறு வேறு பாதை. மாத்திப் போட்டால் ஒருவருக்கு அடைப்பு தொடரும், இன்னொருவருக்குத் தேவையில்லாமல் எதிர்ப்புச் சக்தி போகும். விடாத தலைவலியோடு வருபவருக்கு சிரைக்குழாய்களைத் தனியாகக் காட்டும் வெனோகிராம் படமும் சேர்த்து எடுக்கச் சொல்லி நான் அடம்பிடிப்பதும் இதனால்தான். மூளையின் சிரைக்குழாய் அடைத்திருந்தால் சாதாரணப் படத்தில் லேசாகத்தான் தெரியும், அவசரத்தில் தப்பிவிடும்.

இந்த இடத்தில் என் சக ரேடியாலஜிஸ்ட்டுகள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். லூபஸ் என்று ஃபார்மில் பார்த்ததும், வெள்ளைப் புள்ளி நாலு கண்ணில் பட்டதும், 'வாஸ்குலைட்டிஸ்' என்று, அதாவது ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சி என்று, எழுதிவிடும் பழக்கம். 1968-லேயே ஜான்சன், ரிச்சர்ட்சன் என்ற இரண்டு பேர், இறந்துபோன 24 லூபஸ் நோயாளிகளின் மூளைகளை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். எங்கும் வாஸ்குலைட்டிஸ் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த காலம் அது. அவர்கள் கண்டது பெரும்பாலும் சின்ன ரத்தக்குழாய்கள் தடித்துச் சேதமான நிலையும் அதனால் வந்த நுண்ணிய மூளைச் சேதங்களும்தான். உண்மையான வாஸ்குலைட்டிஸ் அபூர்வமாகவே இருந்தது. ஐம்பது வருடம் தாண்டியும் எங்கள் ரிப்போர்ட்டுகளில் அந்த வார்த்தை சுளுவாக விழுகிறது, அதைப் படிக்கும் மருத்துவர் சைக்ளோஃபாஸ்ஃபமைடைத் தொடங்கிவிடலாம், அது கருமுட்டைகளையே பாதிக்கக்கூடிய மருந்து, நோயாளிக்கு வயது இருபத்து நாலு. எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை போன் போட்டுப் பேசினால் என்ன?

பேசுவது என்றதும் இன்னொன்று. ஸ்கேனுக்கு வரும் ஃபார்மில் 'எஸ்எல்இ, தலைவலி' என்று இரண்டே வார்த்தை இருக்கும் (எஸ்எல்இ என்பது லூபஸின் மருத்துவப் பெயர்ச் சுருக்கம்). பிபி எவ்வளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு, என்ன மருந்து ஓடுகிறது, எத்தனை நாளாகத் தொந்தரவு, ஒன்றும் இருக்காது. நான் வீட்டாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மருந்துச் சீட்டை வாங்கிப் பார்த்து, டெக்னீஷியனைக் காத்திருக்கச் சொல்லி, அதற்குள் வெளியே டோக்கன் நம்பர் தள்ளிப்போய் நாலு பேர் முறைத்து... சரி, அது எங்கள் பாடு. ஆனால் பிபி எவ்வளவு என்ற ஒரே தகவல் முழுப் படத்தையும் மாற்றிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிரெஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு நிலை இருக்கிறது. 1996-ல்தான் இதற்குச் சரியான விவரிப்பு வந்தது. சிறுநீரகம் பாதித்து பிபி எகிறிய லூபஸ் நோயாளிகளுக்கு, சில சமயம் அவர்கள் எடுக்கும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளாலும், மூளையின் பின்பக்கம் நீர் கோத்துக்கொள்ளும். திடீரென்று கண் மங்கும், வலிப்பு வரும், குழப்பமாகப் பேசுவார்கள். வீட்டார் வெலவெலத்துப் போவார்கள். படத்தில் மூளையின் பின்பகுதி இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடக்கும், பார்க்கவே பயங்கரமாக இருக்கும். ஆனால் பிபி-யைக் கட்டுக்குள் கொண்டுவந்து, காரணமான மருந்தை நிறுத்தினால், பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் எடுக்கும் அடுத்த ஸ்கேனில் அது இருந்த அடையாளமே இருக்காது. லூபஸ் மூளையைத் தாக்கிவிட்டது என்று நினைத்து ஸ்டீராய்டை ஏற்றினால் பிபி இன்னும் ஏறும். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு இந்த வேலை பிடித்துப்போவது இப்படிப்பட்ட கேஸ்களில்தான்.

நம் ஊருக்கென்று ஒரு தலைவலி தனியாக இருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்களில் லூபஸ் நோயாளிக்கு வலிப்பு வந்தால் என்ற பகுதியில் இரண்டு வரியில் 'தொற்று நோய்களையும் கருத்தில் கொள்க' என்று போட்டு முடித்துவிடுவார்கள். இங்கே அது இரண்டு வரி விஷயம் இல்லை. வருடக்கணக்கில் ஸ்டீராய்டில் இருப்பவருக்கு டி.பி. மூளைக்குப் போகலாம், காண்ட்ராஸ்ட் ஊசி போட்டுப் பார்த்தால் வளையம் வளையமாக ஒளிரும் கட்டிகளாகத் தெரியும். நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டிகளும் வலிப்பைக் கொடுக்கும். இவற்றையெல்லாம் பார்க்காமல் லூபஸ்தான் தலைக்கு ஏறிவிட்டது என்று ஸ்டீராய்டைக் கூட்டினால் டி.பி.-க்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மாதிரி. அதனால் லூபஸ் நோயாளிக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தால், ஸ்கேன் என்ன சொன்னாலும், பாதுகாப்பாக எடுக்க முடிகிற நிலையில் இருந்தால் முதுகில் நீர் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. அதற்கு நம்மவர்கள் பயப்படுகிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. முதுகில் ஊசி போட்டால் காலம் முழுக்க இடுப்பு போய்விடும் என்று எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்டாரோ தெரியவில்லை.

ஸ்கேன் முழுசாகக் கைவிரிக்கும் இடம் மனநோய். இளம்பெண் திடீரென்று சந்தேகப்பட ஆரம்பிக்கிறாள், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்கிறாள், தூங்குவதில்லை. பல வீடுகளில் முதலில் கோயிலுக்கோ தர்காவுக்கோ போய், அப்புறம் மனநல மருத்துவரிடம் போய், அங்கே யாராவது மூட்டுவலியையும் வாய்ப்புண்ணையும் கவனித்து ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால்தான் லூபஸ் வெளியே வருகிறது. இது ஒரு பாதை. ஏற்கெனவே லூபஸ் என்று தெரிந்து ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களில் இதே மாதிரி நடந்தால் அது இன்னும் சிக்கல், ஏனென்றால் ஸ்டீராய்டே இதைச் செய்யும். 1972-ல் பாஸ்டனில் மருத்துவமனை நோயாளிகளிடம் எடுத்த கணக்கு இன்றும் எல்லோரும் சொல்வது: தினம் 40 மில்லிகிராம் வரை பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு எடுத்தவர்களில் 1.3 சதவீதம் பேருக்கு மனநிலைக் கோளாறு, 80-க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதம். லூபஸ் என்றால் ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டும், ஸ்டீராய்டால் என்றால் குறைக்க வேண்டும். இரண்டிலும் எம்.ஆர்.ஐ. நார்மலாகவே வரலாம். எந்த நாளில் மருந்து தொடங்கியது, எந்த நாளில் பேச்சு மாறியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கும் அம்மாவோ அக்காவோ அங்கே என் ஸ்கேனைவிட உதவியாக இருப்பார்கள்.

மூளை பாதித்திருக்கிறது, ஆனால் படத்தில் தெரியவில்லை என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி நியூயார்க் பக்கம் பெட்டி டயமண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் செய்தது. லூபஸில் டி.என்.ஏ.-வுக்கு எதிராக உருவாகும் எதிர்ப்பொருள்களில் சில, மூளை நரம்பணுக்களில் நினைவுக்கு முக்கியமான என்.எம்.டி.ஏ. ஏற்பியிலும் போய் ஒட்டிக்கொள்கின்றன என்று 2001-ல் காட்டினார்கள். ரத்தத்தில் அது சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும் மூளைக்கு ஒன்றும் ஆகாது, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பு இளக வேண்டும். எலிகளில் அந்தத் தடுப்பை பாக்டீரியாவின் நச்சைக் கொடுத்து இளக்கினால் ஹிப்போகாம்பஸ் பகுதி பாதிக்கப்பட்டு ஞாபகம் போனது. அதே எதிர்ப்பொருள், ஆனால் அட்ரினலின் கொடுத்து இளக்கினால் அமிக்டலா பாதிக்கப்பட்டு பயம் சம்பந்தமான நடத்தை மாறியது. ஒரே எதிர்ப்பொருள், தடுப்பு எங்கே எதனால் இளகியது என்பதைப் பொறுத்து இரண்டு வேறு நோய்! ஒரு சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகு லூபஸ் நோயாளி ஏன் மனதளவில் மாறிப்போகலாம் என்பதற்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். எலியில் நடந்தது அப்படியே மனிதரிலும் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது, அது வேறு. ஆனால் நரம்பணு அளவில் நடக்கும் இப்படி ஒரு சேதம், மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கும் என் மெஷினில் தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

வேறு நுட்பங்களும் இருக்கின்றன. ஸ்பெக்ட்ராஸ்கோபி என்று மூளையின் ரசாயனத்தை அளக்கலாம், நரம்பணுக்கள் நலமா என்று சொல்லும் என்-அசிட்டைல் அஸ்பார்டேட் இவர்களுக்குக் குறைந்திருப்பது தெரியும். லைடன் ஆட்கள் மேக்னடைசேஷன் டிரான்ஸ்ஃபர் என்ற முறையில், கண்ணுக்கு நார்மலாகத் தெரியும் மூளையிலும் மாற்றம் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். பெட் ஸ்கேனில் மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் விதம் மாறியிருப்பது தெரியும். எல்லாம் உண்மைதான். ஆனால் இவையெல்லாம் ஒரு கூட்டம் நோயாளிகளை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுச் சொன்னவை. என் முன்னால் படுத்திருக்கும் ஒரே ஒருத்திக்கு இது லூபஸா இல்லையா என்று அடித்துச் சொல்ல இதில் எதுவும் இன்னும் தயாராகவில்லை. அதனால் எம்.ஆர்.ஐ. நார்மலாக வந்துவிட்டது, பெட் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டு நகையை அடகு வைக்கக் கிளம்புகிறவர்களிடம் நான் சொல்வது, அந்தப் பணத்தை வாதநோய் மருத்துவர், நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் மூவரையும் ஒழுங்காகப் பார்க்கச் செலவு செய்யுங்கள், மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசும் இடமாகப் பார்த்துப் போங்கள் என்பதுதான். ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்களின் அளவு, ஆன்ட்டிபாஸ்ஃபோலிப்பிட், சிறுநீரில் புரதம், இவையெல்லாம் சேர்ந்துதான் தீர்ப்பு.

ஸ்கேனுக்கு வரும்போது கொண்டுவர வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். பழைய ஸ்கேன் இருந்தால் அதன் சிடி-யைக் கொண்டு வாருங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. இந்தப் புள்ளி மூன்று வருடமாக அப்படியே இருக்கிறதா, போன மாதம் வந்ததா என்பது பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும், புள்ளியைப் பற்றி நான் உருப்படியாகச் சொல்லக்கூடியதே அந்த ஒன்றுதான். கடைசியாக எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் வேண்டும். சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருப்பவர்களுக்குச் சில வகை கேடோலினியம் காண்ட்ராஸ்ட்டால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய் வரலாம் என்பது 2006 வாக்கில் வெளியே வந்து பெரிய எச்சரிக்கையானது. இப்போது வரும் மருந்துகளில் அந்த அபாயம் மிகமிகக் குறைவு, ஆனாலும் லூபஸ் நோயாளிக்கு அந்த எண்ணைப் பார்க்காமல் நான் ஊசி போடச் சொல்வதில்லை. கர்ப்பமாக இருக்கலாம் என்று லேசாகச் சந்தேகம் இருந்தாலும் கவுன்ட்டரிலேயே சொல்லிவிடுங்கள், கூட வந்திருப்பவர் முன்னால் சொல்லக் கூச்சமாக இருந்தால் உள்ளே இருக்கும் சிஸ்டரிடம் சொல்லுங்கள், அவர் எங்களுக்குச் சொல்லிவிடுவார்.